நாற்காலிச் சத்தம் அடங்குமுன் நீ சொன்னது

விலார்,
செப்டம்பர், இரண்டாம் செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லிதியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். இரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன அளவில் நிற்கிறது, கோயில் படி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. ரோட்டர்டாமின் அந்த ஓயாத காற்றில் நீயும் நலமாக இருக்க ஒவ்வொரு மாலையும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். மற்றச் செய்திகளுக்கு முன் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். ஆகஸ்டில் நீ தீயணைப்பு வீரர் மன்றத்தில் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் மேல் சுவரைப் பற்றிப் பேசியபோது நான் பாதியில் எழுந்து போனேன் என்றும், ஊருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் என் மகள் பேச்சைத் தொடங்கியது கண்டு வெட்கப்பட்டுப் போனேன் என்றும் இங்கே சொல்கிறார்கள். இரண்டும் தவறு. பாதியில் போகவில்லை, தொடங்கியவுடனே போனேன். வெட்கப்பட்டும் போகவில்லை.

இப்படி ஒரு கதை நடமாடுகிறது என்பதே நேற்றுத்தான் எனக்குத் தெரியும். ரொட்டிக் கடையில் பென்விந்தா எனக்கு முன்னால் நின்றாள். உன் அப்பாவின் சிற்றப்பா மகள் என்ற உரிமையில் எந்த வீட்டு விஷயத்தையும் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்கிறவள் அவள், உனக்குத் தெரியும். கடை முழுக்க ஆள் இருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, நான் லிதியாகிட்ட போன்ல பேசிட்டேன். அம்மாவுக்கு உன் பேச்சு பிடிக்கலம்மா, மானம் போச்சுன்னு எழுந்து போயிட்டாங்க, அவ்வளவுதான், மனசுல வச்சுக்காதேன்னு சொல்லிட்டேன். பாவம், காரணம் தெரியாம பொண்ணு தவிக்கக் கூடாதுல்ல" என்றாள். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட முகம். நான் என் மக்காச்சோள ரொட்டியை வாங்கிக்கொண்டு, "பென்விந்தா, உன்கிட்ட இல்லாத காரணத்தை நீ தானம் பண்ணாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் நீ ஏன் மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய், அக்டோபர் கூட்டத்துக்கு ஏன் நீ வராமல் லிஸ்பனிலிருந்து உன்னோடு வேலை செய்கிற யாரையோ அனுப்புவதாகச் சொன்னாய், எல்லாம் புரிந்தது. நீ மேடையில் நின்று முதல் வரிசையைப் பார்த்திருக்கிறாய், அம்மாவின் நாற்காலி காலியாக இருந்திருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டம் ஐந்து மணிக்கு என்று கோயில் பலகையில் ஒட்டியிருந்தது. ஐந்து என்றால் ஐந்துக்கு வந்து உட்காருகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான், கன்னியர் மடத்தில் அப்படி வளர்த்துவிட்டார்கள். ஐந்து என்றால் ஐந்துக்குத் தொடங்குகிறவள் நீ ஒருத்தி, உன் அலுவலகம் அப்படிப் பழக்கியிருக்கிறது. அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பாதிப் பேர் வாசலில் நின்று, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களைக் கன்னத்தில் முத்தமிட்டு எப்போது வந்தீர்கள் எப்போது போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊராட்சித் தலைவர் அமாரோ உன்னை அறிமுகம் செய்யப் பெரிய பேச்சாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எதிர்க் கடையில் காபியைக் குடித்து முடிக்கவில்லை. நீ விளக்கை அணைக்கச் சொன்னாய், படத்தைப் போட்டாய், கீழத்தெருவில் மேல் சுவரை ஒட்டிய ஐந்து வீடுகளும் மழைக்கு முன் காலியாக வேண்டும், இந்த மழைக்காலத்தை அந்தச் சுவர் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றாய். தெளிவாக, நிதானமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாய். நான் கேட்டேன். காரணத்துக்காக நான் காத்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்றால் எந்தப் பக்கம், எப்போதிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லும் குழந்தை நீ. நீ முடியாது என்று சொன்னால் முடியாதுதான். கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே என் சிறுவயதுத் தோழி எர்மெலிந்தாவின் வீட்டுக்குப் போனேன்.

எர்மெலிந்தா இடுப்பு வலியால் கூட்டத்துக்கு வரவில்லை. அந்த ஐந்தில் மூன்றாவது வீட்டில், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரவு உடுப்பை எடுத்து வை, இன்றிலிருந்து என் வீட்டில் படுக்கிறாய் என்றேன். யார் சொன்னது என்றாள். லிதியா சொன்னாள் என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள், "அடியே, எப்ப சொன்னா? ஜனம் இப்பத்தானே உள்ள போயிக்கிட்டிருக்கு. கூட்டமே இன்னும் ஆரம்பிக்கலையே" என்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் நடந்த தவறு முழுவதும் அவள் சொன்னதில் இருக்கிறது. அவள் மாத்திரைகளையும் கானரிக் குருவிக் கூண்டையும் கட்டிலுக்கு மேலிருந்த அந்தோனியார் படத்தையும் எடுத்து, கதவைப் பூட்டி, மறுபடி திறந்து அடுப்பைப் பார்த்து, மறுபடி பூட்டி, அவளை மெல்ல நடத்தி வீடு வந்து சேர்வதற்குள் நீ போர்த்தோ விமானத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டாய். உனக்காகக் கட்டி வைத்த உலர்ந்த அத்திப்பழப் பொட்டலம் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. எர்மெலிந்தா பார்த்து வருந்தக் கூடாது என்று அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

இதை ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்ல வேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. நீ சொன்னாய், நான் செய்தேன், அதில் சொல்ல என்ன இருக்கிறது. எர்மெலிந்தா உன் அறையில் இருக்கிறாள் என்று சொன்னேன், நீ இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். இடுப்பு வலிக்காக அழைத்து வந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டாய் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. அவள் இருப்பது எனக்குத் துணைதான், ஆனால் சூப்பில் உப்பைக் கொட்டுகிறாள், செபமாலை வானொலியில் ஓடும்போதே குருவியோடு பேசுகிறாள், என் வீட்டிலேயே என்னைப் பார்த்து கன்னியர் மடத்து ராணி வந்துட்டா என்கிறாள்.

ஆனால் கீழத்தெருவிலிருந்து வெளியேறியது அவள் ஒருத்திதான். மற்ற நான்கு வீடுகளிலும் இன்னும் விளக்கு எரிகிறது. கடைசி வீட்டு சூல்மிராவை, அனிபலின் மனைவியை, நானே போய்ப் பார்த்தேன். அவளுடைய இரட்டைப் பிள்ளைகளின் கட்டில் பின்னறையில் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறது. நீ சொன்னதை நீ சொன்ன சொற்களிலேயே சொன்னேன். அவள் கோபப்படவில்லை, உட்கார வைத்து காபி கொடுத்தாள், பிறகு சொன்னாள்: "தோனா அதோசிந்தா, தப்பா நினைக்காதீங்க, நான் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டவ, எழுந்து போனது நீங்க. உங்க மகளே கடைசியில சொன்னாங்க, கோடையில ஒரு அசைவும் இல்லைன்னு. பச்சைக் கோடு போட்டுக் காட்டி, நன்றின்னு சொல்லி முடிச்சாங்க. அப்புறம் நான் எதுக்குப் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டுப் பழைய பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கணும்?" நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று நீ சொன்னதை அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலிச் சத்தம் அடங்குமுன் நீ அதைச் சொல்லி முடித்துவிட்டாய். அவர்கள் உட்கார்ந்தபோது நீ களிமண், வடிகால், அளவுப் புள்ளிகள் என்று போய்க்கொண்டிருந்தாய். அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள், தீர்ப்பு கடைசியில் வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் வந்தது பச்சைக் கோடு.

நீ சொன்ன முறை தவறு என்று நான் எழுதவில்லை. அங்கே முடிவை முதலில் வைத்துக் காரணத்தைப் பின்னால் வைப்பார்கள், பாதியில் எழுந்து போகிறவனும் வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்பதற்காக என்று நீ ஒருமுறை எனக்கு விளக்கினாய். நல்ல முறைதான், நானே அதற்குச் சாட்சி. ஆனால் இங்கே ஒருவன் பேச எழுந்தால் முதலில் சொல்வது உபசாரம் என்று எல்லோருக்கும் தெரியும், அப்போது யாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவதில்லை. எங்கள் மடத்து விடுதியில் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி எழுந்து நின்று புனிதர் வரலாறு வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோது நான் எடுத்த எடுப்பில் கதைக்குள் போய்விட்டேன், ஒருத்தியும் கேட்கவில்லை. மதர் அசும்சாவ் என்னை நிறுத்தி, தலைப்பை வாசி, திருநாளை வாசி, புனிதர் பிறந்த ஊரை வாசி, கரண்டிகள் ஓய்ந்த பிறகு அவரைச் சாகவிடு என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே அக்டோபரில் நீ வந்தால் இப்படிச் செய். அமாரோ வரும் வரை தொடங்காதே. அவர் எழுதியதை அவர் வாசிக்கட்டும், பொறியாளர் அம்மா என்று உன்னைப் பத்து முறை சொல்லட்டும், நெளியாதே. பிறகு நீ தலைவருக்கும், பாதிரியாருக்கும், தீயணைப்புத் தளபதிக்கும், இந்த வரிசையில், வணக்கம் சொல். தளபதியை விட்டுவிடாதே, மன்றம் அவருடையது, போன முறை அவர் முகம் போன போக்கை எல்லோரும் சொல்கிறார்கள். படத்தில் வீடுகளுக்கு எண் போடாதே. தன் வீட்டு எண் இங்கே யாருக்குத் தெரியும்? எர்மெலிந்தாவின் வீடு, அனிபலின் வீடு என்று ஆள் பெயர் சொல், அந்த ஆள் நிமிர்ந்து உட்காருவான். திரையைப் பார்த்துப் பேசாதே, ஊர் உன் முதுகைப் பார்க்க வரவில்லை. கையில் வைத்திருந்த அந்தச் சிவப்பு ஒளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வா, நீ சுவரைக் காட்ட, பிள்ளைகள் அதைப் பிடிக்கத் தாவிக்கொண்டிருந்தார்களாம், குச்சி போதும். வாசலோரம் தொப்பியோடு நிற்கிற காது மந்தமான கிழவர்களுக்குக் கேட்கும்படி பேசு. அவர்களுக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும். போன மழைக்காலத்தில் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தது என்று நீ சொன்னபோது அனிபல் எழுந்து, "மூணு மில்லிமீட்டரா? என் விரல் நகம் அதைவிட வேகமா வளருதே" என்றானாம், மன்றமே சிரித்ததாம், நீ சிரிப்பு அடங்கக் காத்திருந்து அடுத்த படத்துக்குப் போய்விட்டாயாம். போகக் கூடாது லிதியா. அங்கேதான் நிற்க வேண்டும். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்க நகம் உங்க விரலோட இருக்கு அனிபல், இது உங்க பிள்ளைங்க கட்டிலுக்கு மேல இருக்கு என்று சொல்லியிருந்தால் அன்றிரவே கட்டிலை நகர்த்தியிருப்பான். அவன் கெட்டவன் இல்லை, சிரிக்க வைக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். கோடையில் அசைவில்லை என்பதை நடுவில் எங்கேயாவது சொல், அது உண்மை, மறைக்கச் சொல்லவில்லை. கடைசியாக, வீடுகள் காலியாக வேண்டும் என்பதைச் சொல். சொல்லிவிட்டு நன்றி என்று சொல்லாதே. பேசாமல் நின்று அவர்களைப் பார். நன்றி என்றால் இங்கே எழுந்து காபிக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அக்டோபர் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் ஊர்க் கூட்டம். அந்தக் குடும்பங்களைக் குளிர்காலம் முழுக்கப் பழைய பள்ளிக்கூடத்தில் தங்க வைத்துத் தெருவை அடைப்பதா வேண்டாமா என்று அன்று கை தூக்குவார்கள். இன்றைய நிலையில் யாரும் தூக்க மாட்டார்கள். லிஸ்பன்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை, கீழத்தெருவைக் காலி பண்ணி ஆற்றைப் பார்க்க ஹோட்டல் கட்டப் போறாங்க என்று இப்போதே காபிக் கடையில் பேச்சு, தெரியாத முகம் வந்து நின்றால் அது உறுதியாகிவிடும். அமாரோ போன வாரம் வீட்டுக்கு வந்து வேறு யோசனை சொன்னார். "தோனா அதோசிந்தா, உங்க குரலுக்கு மைக்கே வேண்டாம். பொறியாளர் அம்மா எழுதி அனுப்பட்டும், நீங்க வாசிச்சிடுங்க" என்றார். என்னால் வாசிக்க முடியும். கர்வமாகச் சொல்லவில்லை, உன்னைவிட நன்றாகவே வாசிப்பேன். ஆனாலும் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மகள் எழுதியதைத் தாய் வாசித்தால் தாய்ப் பாசம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதோடு, சூல்மிரா எழுந்து கேட்பாள், எத்தனை மாதம், பிள்ளைகளுக்கு அங்கே கணப்பு உண்டா, திரும்பி வரும்போது வீடு இருக்குமா என்று. காகிதம் அவளுக்குப் பதில் சொல்லாது, நானும் சொல்ல முடியாது. அவள் கேட்கும்போது தெரிந்த ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். அது நீதான்.

மற்றபடி ஊரில் செய்தி அதிகம் இல்லை. அடுத்த வாரம் திராட்சை அறுவடை தொடங்குகிறது, இந்த ஆண்டு கொத்து சிறியது, இனிப்பு அதிகம் என்கிறார்கள். அப்பாவின் கல்லறையில் பளிங்கைத் துடைத்து வைத்தேன். நேற்று மாலை இந்தப் பருவத்தின் முதல் மேகம் வந்தது, ஒரு சிறு தூறல்தான், மண்கூட நனையவில்லை. எர்மெலிந்தா ஜன்னலருகில் போய் நின்றுகொண்டாள், நானும் போய் நின்றேன். அங்கிருந்து அனிபல் வீட்டுக் கூரை தெரிகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அதை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்து இப்போது எழுதுகிறேன். சுவருக்காக மட்டும் உன்னை வரச் சொல்கிறேன் என்றால் அது முழு உண்மை ஆகாது. ஆகஸ்டில் நீ வந்திருந்த நாட்களில் பகலெல்லாம் சுவரோடு இருந்தாய், மாலையெல்லாம் கணினியோடு இருந்தாய். உன் வேலை அது, நான் குறை சொல்லவில்லை, தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். உன்னை நிமிர்ந்து, முழுதாக, பார்க்க வேண்டும் என்று பார்த்தது அந்த முதல் வரிசையிலிருந்துதான். அந்த நீலச் சட்டையில் அப்பாவைப் போல ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்தி நின்றாய். நீ சொன்ன முதல் வாக்கியத்தைக் கேட்டேன், எழுந்து போக வேண்டியதாயிற்று. வாசலில் பிரெஞ்சு பேசிக்கொண்டு நின்ற பிள்ளைகள் வரை ஊரே மீதியைக் கேட்டது. பென்விந்தா கேட்டாள், காது கேளாத கிழவர்கள் கேட்டார்கள். உன்னைப் பெற்றவள் மட்டும் கேட்கவில்லை. களிமண் ஏன் வழுக்குகிறது என்று நீ சொன்னதை அமாரோவிடம் கேட்டேன், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொல்ல நான் கேட்க வேண்டும். எர்மெலிந்தாவும் வெளியே வந்துவிட்டாள், இனி பாதியில் எழுந்து போக எனக்கு வேறு வீடு இல்லை.

பெரிய அறையில் உனக்குப் படுக்கை போடுகிறேன், கம்பளிகளை வெயிலில் காய வைத்துவிட்டேன். குளிருக்கு முன் பல் டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே. நின்றுகொண்டு சாப்பிடாதே. பென்விந்தா போனில் அழைத்தால் மரியாதையாகப் பேசு, ஆனால் என்னைப் பற்றி அவளிடம் கேட்காதே, என்னிடம் கேள். ஆண்டவரும் அன்னையும் உன் வேலையையும் வழியையும் காக்கட்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். தொலைபேசியில் கேட்டால் பார்க்கலாம் அம்மா என்பாய், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் அமாரோவுக்கு என்ன சொல்வது, சூல்மிராவுக்கு என்ன சொல்வது, எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கு வருகிறாயா இல்லையா என்பதைக் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
அதோசிந்தா